பருப்பில் விழுந்த ஆடு

எங்கள் பெரியப்பாவுக்கு ஆட்டுக்கறி விஷயத்தில் சில கொள்கைகள் உண்டு. வெள்ளாடாக இருக்க வேண்டும். கண்ணெதிரே வெட்டிக் கொடுத்ததாக இருக்க வேண்டும். எலும்பு இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, கறி வேகிற சட்டிக்குள் காய்கறி எட்டிப் பார்க்கக் கூடாது. உருளைக்கிழங்குக்கு மட்டும் விதிவிலக்கு. அதுவும் சொல்லாமல் கொள்ளாமல் விருந்தாளி வந்து நிற்கிற நாளில்தான். ஒருமுறை சம்பந்தி வீட்டுக் கறிக்குழம்பில் முருங்கைக்காய் மிதந்ததைப் பார்த்துவிட்டு, "ஏன், கறி பத்தலையா?" என்று சத்தமாகவே கேட்டார். அந்த உறவு இன்னும் முழுதாகச் சரியாகவில்லை.

காரைக்குடிப் பக்கத்து மனிதர். மும்பைக்கு வந்திருந்தவரை ஒரு பார்சி வீட்டுக்குத் தான்சாக் சாப்பிடக் கூட்டிப்போகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. "ஞாயித்துக்கிழமை கறி விருந்து, பெரியப்பா" என்று மட்டும் சொல்லி வைத்தேன். அந்தச் சட்டிக்குள் துவரம்பருப்பு, மைசூர்ப்பருப்பு, பரங்கிக்காய், கத்தரிக்காய், வெந்தயக்கீரை எல்லாம் இருக்கும் என்பதைச் சொல்லவில்லை. எழுபதைத் தாண்டியவரிடம் எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லிவிடக் கூடாது.

கூப்பிட்டவர் என் பழைய ஆபீஸில் எனக்கு மேலதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பார்சி ஆண்பிள்ளை யாராக இருந்தாலும் மும்பை அவரை 'பாவா' என்றுதான் சொல்லும், நானும் அப்படியே. அவர் மனைவி எனக்கு ஆன்ட்டி. அவர்கள் வீடு தாதர் பார்சி காலனியில். நான் இருப்பது மாட்டுங்காவில். நடுவில் ஃபைவ் கார்டன்ஸ் பூங்காக்கள், அவ்வளவுதான் தூரம். ஆனால் எங்கள் பக்கம் ஆஸ்திக சமாஜக் கோயில், ஃபில்டர் காபி, உதிரி மல்லிகை. நான் குடியிருக்கிற கட்டடத்தில் கறி என்ற வார்த்தையைக் கறிவேப்பிலை வாங்கும்போதுதான் காதால் கேட்க முடியும். பூங்காவைத் தாண்டினால் தேசமே வேறு. 1920-களில் மஞ்செர்ஜி ஜோஷி என்ற பொறியாளர் முன்னின்று உருவாக்கிய காலனி அது. தெருவுக்கு ஒரு வகை மரம் வைத்துத் திட்டமிட்டார்கள். வீட்டு நம்பர் மறந்தவன் மரத்தை அடையாளம் வைத்துப் போய்ச் சேரலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூக்கை நம்பி யாரும் போகக் கூடாது. காலை பத்து மணிக்கு மேல் ஜன்னலுக்கு ஜன்னல் ஒரே வாசனைதான்.

இந்தியாவில் பார்சிகள் மொத்தம் 57,264 பேர் என்றது 2011 கணக்கெடுப்பு. காரைக்குடியின் ஜனத்தொகையே அதைவிட அதிகம். தான்சாக்குக்கு எந்தப் பருப்பு, எத்தனை பருப்பு என்ற கேள்வியைப் போட்டால் அந்த ஐம்பத்தேழாயிரம் பேரும் தனித்தனிக் கட்சியாகப் பிரிந்து விடுவார்கள். துவரை மட்டும் போதும் என்பது ஒரு கட்சி. துவரையோடு மைசூர்ப்பருப்பும் பாசிப்பருப்பும் மொச்சைப்பருப்பும் சேர வேண்டும் என்பது இன்னொன்று. பாவாவின் பாட்டி நவ்சாரிக்காரி, துவரைக் கட்சி. ஆன்ட்டியின் அம்மா சூரத், நான்கு பருப்புக் கட்சி. கல்யாணமாகி எத்தனையோ காலமாகியும் வழக்கு முடியவில்லை. ஆன்ட்டி நான்கும் போடுகிறார். பாவா மூன்றை மதிக்காமல் சாப்பிடுகிறார்.

விருந்துக்குப் போன இடத்தில் நேரே கூடத்தில் போய் உட்காரும் வழக்கம் பெரியப்பாவுக்குக் கிடையாது. அடுப்பங்கரையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பதினொரு மணிக்கே போய்விட்டோம். ஆன்ட்டி அப்போதுதான் குக்கரைத் திறந்திருந்தார். கறித் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கரண்டியால் பொறுக்கி ஒரு தட்டில் வைத்துக் கொண்டிருந்தார். மிச்சமிருந்தது குழைந்த பருப்பு. அதற்குள் பாதி கரைந்த பரங்கித் துண்டு, சுருண்டு கிடந்த கத்தரித் தோல், தக்காளி, கீரைக் காம்பு.

பெரியப்பா எட்டிப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார்.

"என்னப்பா தம்பி, இது சாம்பாரா?"

"கறி இருக்கு பெரியப்பா. அந்தத் தட்டுல பாருங்க."

"அதத்தான் பாத்தேன். நல்லாத்தானே வெந்திருக்கு? அத அப்படியே குடுத்திரச் சொல்லேன். திரும்ப எதுக்கு இதுக்குள்ள போடுறாங்க?"

ஆன்ட்டிக்குத் தமிழ் தெரியாது. என் கோழைத்தனத்தை நம்பி, "ரொம்ப நல்ல வாசனை என்கிறார்" என்று மொழிபெயர்த்தேன்.

இனி நடந்ததைத்தான் பெரியப்பா ஊருக்குப் போய் ஆறு மாதம் பேசினார். ஆன்ட்டி பெரிய சல்லடை ஒன்றை வாயகன்ற பாத்திரத்தின் மேல் வைத்து, குக்கரில் இருந்ததையெல்லாம் அதில் கொட்டி, மரக்கரண்டியின் பின்புறத்தால் தேய்க்க ஆரம்பித்தார். காலனியில் இப்போது எல்லாரும் மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு எடுத்துவிடுகிறார்களாம். மிக்ஸியில் போட்டால் பருப்பு பசையாகி விடும் என்பது ஆன்ட்டியின் கட்சி. தேய்க்கத் தேய்க்க, சல்லடைக்குக் கீழே வழவழவென்று, மாநிறத்தில் ஒரே குழம்பு இறங்கியது. மேலே நார், தோல், தக்காளி விதை. பரங்கிக்காய் என்ற ஒன்று இந்த வீட்டுக்குள் வந்ததற்கே சாட்சி இல்லை. கத்தரிக்காயும் தலைமறைவு. வெந்தயக்கீரையின் லேசான கசப்பு மட்டும் எங்கோ இருக்கிறது; யார் என்று விரல் நீட்டிச் சொல்ல முடியாது.

பெரியப்பா வெகு நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "காயப் போட்டாலும் கண்ணுல படாம ஒளிச்சு வச்சிருக்காங்க. அந்த மட்டுக்கும் மரியாத தெரிஞ்சவங்க" என்றார்.

அடுத்தது மசாலா. இஞ்சி, பூண்டு, மிளகாய் வற்றல் அரைத்த விழுது எண்ணெயில் வதங்கிக் கொண்டிருக்க, ஆன்ட்டி அலமாரியிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்தார். உள்ளே தான்சாக் மசாலா. பக்கத்திலேயே சாம்பார் மசாலா என்று இன்னொரு பாட்டில். கடுகு, வெந்தயம், பெருங்காயம், மிளகாய் எல்லாம் எண்ணெய் விட்டுப் பிசைந்த பொடி. நம்ம சாம்பார்ப்பொடிக்கு அது தூரத்து உறவுகூட இல்லை. பெரியப்பாவிடம் அந்தப் பாட்டிலைக் காட்டாமல் அலமாரியை நானே சாத்தினேன். டின் திறந்ததும் அவர் மூக்கு ஒரு தரம் விரிந்தது. கையை நீட்டினார். ஆன்ட்டி கொஞ்சம் பொடியை உள்ளங்கையில் போட்டார். இரண்டு விரலால் தேய்த்து முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"கல்பாசி" என்றார்.

அதற்குமேல் மொழிபெயர்ப்புக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆன்ட்டி இன்னொரு டப்பாவிலிருந்து காய்ந்த, ஓரம் சுருண்ட கறுத்த செதிலை எடுத்துக் காட்டினார். அங்கே அதற்குத் தகட் ஃபூல் என்று பெயர். பாறையிலும் மரப்பட்டையிலும் படர்கிற பாசிதான். தனியாகக் கடித்தால் மண். எண்ணெயில் விழுந்தால் பத்து வீட்டுக்கு வாசனை. செட்டிநாட்டுக் கறிக்குழம்பின் ரகசியம் என்று பெரியப்பா இத்தனை நாளாக நம்பிக்கொண்டிருந்தது, ஆயிரத்து சொச்சம் கிலோமீட்டர் தள்ளி, ஒரு பிஸ்கட் டின்னுக்குள் நட்சத்திர சோம்பு, ஜாதிபத்திரி, நாககேசரம் ஆகியவற்றோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. சொந்தக்காரனை வெளியூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்த முகம் அவருக்கு. அதிலிருந்து கூடத்துக்கு வரவேயில்லை. மசாலாவோடு பருப்பு சேர்ந்து, கொஞ்சம் புளித்தண்ணீரும் ஒரு துண்டு வெல்லமும் விழுந்து, தட்டில் காத்திருந்த கறி மறுபடி உள்ளே இறங்குகிற வரை அடுப்படியிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

பார்சிகளின் முன்னோர் பாரசீகத்திலிருந்து கப்பலேறிக் குஜராத்தின் சஞ்சானில் வந்து இறங்கிய கதை பிரசித்தம். கறியோடு பருப்பையும் பயறையும் சேர்த்து நிதானமாக வேகவிடுகிற பழக்கம் ஈரானில் இன்றைக்கும் இருக்கிறது. ஆப்கோஷ்ட் என்பார்கள், கெய்மே என்பார்கள். அந்தச் சட்டிக்குக் குஜராத் தன் மிளகாயையும் தனியாவையும் புளியையும் கொடுத்தது என்றுதான் பாவாவும் சொல்கிறார். நம்ம ஊர் பாய் வீட்டுத் தால்ச்சாவைச் சாப்பிட்டவர்களுக்கு இது முற்றிலும் அந்நியமாகத் தெரியாது. எலும்பு, பருப்பு, கத்தரிக்காய், புளி என்று அதே கூட்டணிதான். ஆனால் தால்ச்சா பிரியாணிக்குத் துணையாக வருவது. நெய்ச்சோற்றுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நிற்கும். தான்சாக் யாருக்கும் துணை போகாது. அதற்குத் துணையாக மற்றவர்கள் வர வேண்டும்.

வந்தவர்களில் முதலாவது சோறு. பெரியப்பாவுக்குச் சர்க்கரை வியாதி உண்டு. ஊரிலிருந்து பெரியம்மா போனில், "என்ன சாப்பாடு போடுறாங்க?" என்று கேட்க, நான் "பிரவுன் ரைஸ்" என்றேன். பெரியம்மா நெஞ்சில் கை வைத்து நிம்மதியானது போனிலேயே தெரிந்தது. டாக்டரும் அதையேதான் சொல்லியிருக்கிறாராம். டாக்டர் சொன்னது தவிடு நீக்காத அரிசி. பார்சி வீட்டுப் பிரவுன் ரைஸ் என்பது நல்ல வெள்ளைப் பாசுமதி. அதன் நிறம் கருக்கிய சர்க்கரையிலிருந்து வருவது. கனமான பாத்திரத்தில் சர்க்கரையை அப்படியே போட்டு உருக்குகிறார்கள். முதலில் தேன் நிறம், பிறகு செம்பு. டிகாஷன் நிறத்துக்கு வந்த அந்த நொடியில் தண்ணீரை ஊற்ற வேண்டும்; சீறிக்கொண்டு கொதிக்கும். அந்த நொடியில் காலிங்பெல் அடித்து யாராவது கதவைத் திறக்கப் போனால், அன்றைக்குச் சோறு கசக்கும். அந்தத் தண்ணீரில் சிவக்க வறுத்த வெங்காயம், பட்டை, கிராம்பு, ஏலக்காயோடு அரிசி வேகும். பெரியம்மாவிடம் நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நிறம் பிரவுன்தான்.

இரண்டாவது துணை, கபாப். கொத்துக்கறியை மசாலாவோடு பிசைந்து சின்னச் சின்ன உருண்டையாகப் பொரித்து, சோற்றின் மேலே ஏற்றி வைக்கிறார்கள். கறிக்குழம்பு ஊற்றிச் சாப்பிடப் போகிற சோற்றுக்கு, ருசி காட்ட இன்னும் கொஞ்சம் கறி. இந்த ஏற்பாட்டைப் பார்த்ததும் பெரியப்பா பார்சி இனத்தின் மேல் வைத்த மரியாதை அதன்பின் குறையவே இல்லை. காயை ஒளித்து வைக்கிறார்கள், கறியைத் தலைமேல் தூக்கி வைக்கிறார்கள். நாகரிகம் என்றால் வேறென்ன?

மூன்றாவது கச்சும்பர். வெங்காயம், வெள்ளரி, தக்காளி, பச்சைமிளகாய், கொத்தமல்லி எல்லாம் பொடிப்பொடியாக நறுக்கி, உப்பும் வினிகரும் விட்டது. வினிகர் என்றால் நவ்சாரியின் கோலா வினிகர்தான். கரும்பிலிருந்து எடுத்தது, நிறமும் கறுப்பு. வேறு வினிகரை வீட்டுக்குள் விட மாட்டேன் என்றார் ஆன்ட்டி. கூடவே எலுமிச்சைத் துண்டுகள். பருப்பின் கனமும் சர்க்கரைச் சோற்றின் லேசான இனிப்பும் சேர்ந்து நாக்கை அமுக்கும்போது, இந்தப் பச்சை வெங்காயமும் புளிப்பும்தான் ஒரு வாய் விட்டு ஒரு வாய் எழுப்பி உட்கார வைக்கிறது. கச்சும்பர் தீர்ந்தால் எழுந்துவிட வேண்டியதுதான். சட்டியில் இன்னும் இருக்கிறதே என்று தொடரக் கூடாது. தொடர்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

குடிக்க, வயது வந்தவர்களுக்குப் பீர். பெரியப்பா வெளியூரில் குடிக்க மாட்டார். உள்ளூரில் என்ன நிலவரம் என்று நான் கேட்டதில்லை. அவருக்குப் பல்லோன்ஜி ராஸ்பெரி சோடா வந்தது. 1865-இல் தொடங்கிய கம்பெனியிலிருந்து மும்பைப் பார்சிகள் வாங்கிக் குடிக்கும் அந்தச் சிவப்புத் தண்ணீரை அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ஓ, கலரா!" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"ஜம்வா சாலோஜி!" என்று பாவா குரல் கொடுத்தார். சாப்பிட வாருங்கள் என்று பார்சி விருந்துகளில் கூப்பிடுகிற குரல். ஒரு மணி தாண்டியிருந்தது. மேஜையில் ஆளுக்கொரு கரண்டியும் முள்கரண்டியும். முதலில் சோறு, குவிக்காமல் பரப்பி. அதன்மேல் தான்சாக், சோறு மறைய. ஓரத்தில் கச்சும்பர். கபாப் எத்தனை என்று யாரும் கேட்பதில்லை; வைத்துக்கொண்டே போகிறார்கள். பாவாவும் ஆன்ட்டியும் கரண்டியால் சாப்பிட்டார்கள், பெரியப்பா கையால். முதல் வாய் போட்டதும் என்ன சொல்லப் போகிறாரோ என்று எனக்கு உள்ளூரப் பதற்றம். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது முறை சோறு போட்டபோது வேண்டாம் என்று கை காட்டவுமில்லை. எங்கள் குடும்பத்தில் அது தீர்ப்பு.

பாதிச் சாப்பாட்டில்தான் கேட்டார்: "கல்யாணங்காட்சிக்கும் இதத்தான் போடுவாங்களான்னு கேளு."

கேட்டேன். மேஜையில் ஒரு கணம் கரண்டிகள் நின்றன. கல்யாணமா? பிறந்தநாளா? பிள்ளைக்குப் பூணூல் போல நடக்கிற நவ்ஜோத்தா? கூடவே கூடாது! அவற்றுக்கெல்லாம் தன் தார் நே பாத்தியோ: வெள்ளைச் சோறு, மஞ்சள் பருப்பு, மீனிலோ இறாலிலோ புளிப்பும் இனிப்புமாக ஒரு தொக்கு. கல்யாணப் பந்தி என்றால் வாழையிலை போட்டு, இலையில் சுற்றி வேகவைத்த பாத்ரா நி மச்சி, உருளைச் சீவல் தூவிய சாலி கோழி, புலாவ், கடைசியில் கல்யாணக் கஸ்டர்டு. பந்தி பந்தியாகத்தான் உட்கார்த்துவார்கள் என்பதைக் கேட்டுப் பெரியப்பா பூரித்துப் போனார். அந்த இலையில் தான்சாக்குக்கு மட்டும் இடமில்லை. ஏனென்றால், வீட்டில் ஒரு சாவு விழுந்தால் பார்சிகள் மூன்று நாள் கறி தொட மாட்டார்கள். நாலாம் நாள் விடியற்காலைச் சடங்கு முடிந்து, மறுபடி கறி சமைக்கிற அன்றைக்கு அடுப்பில் ஏறுவது தான்சாக். துக்கம் கழிக்கிற சாப்பாட்டை நல்ல காரியத்துக்குப் போட முடியுமா?

இதை எப்படித் தமிழில் சொல்வது, வாயில் கவளத்தோடு இருக்கிற கிழவர் என்ன நினைப்பார் என்றெல்லாம் யோசித்துக்கொண்டே சொன்னேன். பெரியப்பா சர்வ சாதாரணமாகத் தலையாட்டினார்.

"கருமாதி முடிஞ்சு கறி எடுக்கிறது. நம்மளும்தானே செய்றோம்? இதுல என்ன இருக்கு?" இன்னொரு கவளம் போட்டு மென்றுவிட்டு, "ஆனா இவங்க வாராவாரம் ஞாயித்துக்கிழம ஆக்குறாங்களே. வாராவாரம் யாரு சாகுறா?"

இதை நான் மொழிபெயர்த்திருக்கக் கூடாதுதான். ஆனால் பாவாவே என்ன என்ன என்று துளைத்தார். சொன்னேன். அவர் நாப்கினால் வாயைத் துடைத்துக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு, "வாரம் செத்துப்போச்சே, அதற்குத்தான்" என்றார்.

இருவரும் சேர்ந்து சிரித்ததில் ராஸ்பெரி புரையேறியது பெரியப்பாவுக்கு.

தான்சாக் ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஆனதற்கு இன்னும் சாதாரணமான காரணங்களும் உண்டு. ஊறப்போட்டு, வேகவைத்து, தேய்த்து, தாளித்து, சோறு, கபாப், கச்சும்பர் என்று முடிக்க ஒரு காலைப்பொழுது முழுதாக வேண்டும். சாப்பிட்டு முடித்தவர் வேலைக்கு ஆகமாட்டார். ஆகவே வேலை நாளில் தான்சாக் என்பது நாட்டின் உற்பத்திக்கே கேடு. பார்சி வீட்டில் சிநேகிதம் இல்லாத பாவப்பட்டவர்கள் பல்லார்ட் எஸ்டேட்டில் 1923-இல் தொடங்கிய பிரிட்டானியாவுக்குப் போகலாம். இலந்தை அளவுகூட இல்லாத ஈரானியச் சிவப்புப் பழம் தூவிய பெர்ரி புலாவுக்குத்தான் அங்கே பெயர், தான்சாக்கும் கிடைக்கும். மத்தியானம் மட்டும்தான் சாப்பாடு. அதன் உரிமையாளர் போமன் கோஹினூர் தொண்ணூறைக் கடந்தும் மேஜை மேஜையாக வந்து ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தார், 2019-இல் காலமானார். அந்த வயதிலும் அப்படி நடமாட முடிந்தது அவர் மத்தியானம் தான்சாக் சாப்பிடாததால்தான் என்று பாவா அடித்துச் சொல்கிறார். ஆதாரம் கேட்டால் கோபம் வரும்.

பாவாவுக்குக் கோபம் வர இன்னொரு வழி, நவ்ரோஸ் விளம்பரங்கள். மார்ச்சில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று என்று பார்சிகளுக்கு வருஷப்பிறப்பு இரண்டு தடவை. இரண்டு தடவையும் நகரத்தின் ஏதாவது ஒரு ஹோட்டல், 'புத்தாண்டு விருந்து, ஸ்பெஷல் தான்சாக்' என்று போஸ்டர் போட்டுவிடுகிறது. நமக்குப் பொங்கலன்றைக்குத் திவசச் சமையலைப் பொங்கல் ஸ்பெஷல் என்று பார்சல் கட்டிக் கொடுத்தால் எப்படியிருக்கும்? பாவா அந்த விளம்பரங்களைக் கத்தரித்து எடுத்து வைக்கிறார். எதற்கு என்று தெரியவில்லை. வழக்குப் போடுவார் என்றுதான் எல்லாரும் எதிர்பார்க்கிறோம்.

இதைவிடப் பெரிய அக்கிரமம் கடல் கடந்து நடக்கிறது. என் தங்கை மகன் லெஸ்டரில் படிக்கிறான். அங்குள்ள இந்தியச் சாப்பாட்டுக் கடைகளில் தான்சாக் என்று மெனு கார்டிலேயே ஒரு வரி உண்டு. கோர்மா, மெட்ராஸ், விண்டலூ என்கிற வரிசையில். இந்த மெட்ராஸ் என்ற குழம்பை மெட்ராஸ்காரன் எவனும் ஆயுளில் பார்த்ததில்லை. எண்ணெயும் மிளகாய்த்தூளும் சேர்ந்த ஒரு வகைத் தண்டனை அது. அங்கே தான்சாக்குக்கு வெள்ளாடு கிடையாது, செம்மறிக் குட்டி, அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பையன் வாங்கிச் சாப்பிட்டுப் போட்டோ அனுப்பியிருந்தான். ஆன்ட்டியிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இந்த மஞ்சள் துண்டு என்ன?"

"அன்னாசிப்பழம், ஆன்ட்டி."

"கொதாய்ஜி!" என்று ஆண்டவனைக் கூப்பிட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். அதன் பிறகு அந்தப் பையனைப் பற்றி விசாரிக்கும்போதெல்லாம், படிப்பு எப்படி என்று கேட்பதில்லை. சரியாகச் சாப்பிடுகிறானா என்றுதான் கேட்கிறார். தான்சாக்குக்கு அன்னாசியும் மெட்ராஸுக்கு மிளகாயும் வைத்து நம் இரு ஜாதியாரையும் ஒரே மெனு கார்டில் அவமானப்படுத்தியிருக்கிறார்கள் என்பதில் பெரியப்பாவும் ஆன்ட்டியும் ஏகமனதாக இருந்தார்கள். பெரியப்பாவுக்கு முருங்கைக்காயே ஆகாது. அன்னாசியைப் பற்றி அவர் சொன்னதை நான் மொழிபெயர்க்கவில்லை.

சாப்பாடு முடிந்ததும் பாவா விடைபெறவில்லை, உபசாரமும் பேசவில்லை. சட்டையைக் கழற்றினார். உள்ளே பார்சிகள் எப்போதும் அணிகிற மெல்லிய வெள்ளை மஸ்லின் சத்ரா. கை வைக்கிற பலகை நீளமாக முன்னால் ஓடுகிற பழைய சாய்வு நாற்காலியில் காலைத் தூக்கிப் போட்டு, இரண்டே நிமிஷத்தில் உலகத்தைத் துறந்தார். பெரியப்பாவுக்குத் திவானைக் காட்டினார்கள். எனக்கு ஒரு மூலை. ஆன்ட்டி ஃபோன் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் போனார். மூன்று மணிக்குக் காலனியில் கூரியர்க்காரன் பெல் அடித்தால் அவனுக்குக் கிடைக்கிற வசவு, அடுத்த தலைமுறைக்கும் போய்ச் சேரும். குறட்டையில் தென்னிந்தியாவுக்கும் பாரசீகத்துக்கும் நடந்த போட்டியை நான் ஒருவன்தான் விழித்திருந்து கேட்டேன். கபாப் என்னை மேலே பார்த்துப் படுக்க விட்டதே தவிர, தூங்க விடவில்லை.

கிளம்பும்போது டிபன் டப்பா ஒன்று கைக்கு வந்தது. திங்கட்கிழமைதான் இன்னும் ருசி, ராத்திரி ஊறட்டும் என்று ஆன்ட்டி சொன்னார். ஞாயிறு சாப்பிட்டதே திங்கள் வரை ஊறிக்கொண்டிருந்தது என்பது வேறு விஷயம். சிக்கல் டப்பாவைத் திருப்பிக் கொடுப்பதில் வந்தது. கொடுத்த பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தரக் கூடாது என்பது பெரியப்பாவின் இன்னொரு கொள்கை. மாட்டுங்காவில் முறுக்கு வாங்கிப் போட்டுக் கொடுத்துவிடலாம் என்றேன். கறி வந்த டப்பாவில் முறுக்கா என்று முறைத்தார். டப்பா ஊருக்குப் போயிற்று. பதினைந்து நாளில் திரும்பி வந்தது, வாய் வரைக்கும் கல்பாசி அடைத்து. சுத்தம் செய்து, மண் போக்கி, வெயிலில் உலர்த்தியது.

ஆன்ட்டி தனக்கு எடுத்துக்கொண்டு மாடி வீட்டுக்குக் கொடுத்தார். மாடி வீடு தன் அக்காவுக்குக் கொடுத்தது. அந்த அக்கா, அடுத்த தெரு. இப்போது இரண்டு மரத் தெருக்களுக்குப் பெரியப்பாதான் கல்பாசி ஏஜெண்ட். பணம் வாங்க மாட்டேன் என்கிறார். ஆனால் யார் வீட்டில் எத்தனை பருப்பு என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறார், துவரைக் கட்சிக்கு ஒரு கைப்பிடி கூடுதல். போன வாரம் போனில் கூப்பிட்டபோது பின்னணியில் ஒரே கூச்சல். கூரியர் ஆபீஸில் நின்றுகொண்டிருந்தார்.

"திங்கக்கிழமதான் போய்ச் சேருமாம்" என்றார் என்னிடம். உடனே எதிரே இருந்தவரிடம் திரும்பி, "ஏய்யா, சனிக்கிழமைக்குள்ள போகலன்னா அத வச்சு அவங்க என்னய்யா செய்வாங்க?"

அந்தப் பையன் ஏதோ சொல்வது கேட்டது. ஸ்பீடு போஸ்ட்டில் போடலாமே என்கிறானாம்.

"அவனுக்கு எங்க தெரியப்போகுது?" என்று என்னிடம் அலுத்துக்கொண்டார் பெரியப்பா. "நீ வைப்பா. நான் ரயில்லயே யாரையாவது புடிச்சுக் குடுத்தனுப்புறேன்."